உடம்புக்குள் ஒரு பவர் ஹவுஸ்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மதியம் மெஸ் சாப்பாடு பலமாக இருந்தது. இந்த நேரத்தில் பேசுகிறவன் பாடு கஷ்டம்தான். ஆனால் நான் தூக்கத்தைப் பற்றியும் பேசப் போகிறேன். அதனால் யாராவது கண் அயர்ந்தால், தலைப்போடு ஒத்துழைக்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, நீ ஏதாவது பேசணும்பா" என்றார். அனல் மின்நிலையத்தில் மெயின்டனன்ஸ் பார்க்கிறவன், டர்பைன், ஜெனரேட்டர் என்று ஏதாவது சொல்வான் என்று நினைத்திருப்பார். நான் "மைட்டோகாண்ட்ரியா பற்றிப் பேசட்டுமா?" என்றேன். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. "ஏம்ப்பா, நீ ட்ரிபிள்-ஈ தானே?" என்று கேட்டார். ஆமாம் அண்ணா, நான் ட்ரிபிள்-ஈ தான். அதனால்தான் இதைப் பேச வந்திருக்கிறேன்.

அப்பாவின் கால்

2022ஆம் வருடம், ஐப்பசி மாதம். என் அப்பாவுக்கு அறுபத்தெட்டு வயது. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை. நான் வெளியூரில் வேலை பார்க்கிறவன் என்பதால், மாதாமாதம் ஒரு டப்பா மல்டி விட்டமின், ஒரு டப்பா 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' மாத்திரை வாங்கி அனுப்பிவிடுவேன். பிள்ளை கடமை முடிந்தது என்று ஒரு திருப்தி. ஆனால் ஒரு தடவைகூட அவர் காலைத் திருப்பி உள்ளங்காலைப் பார்த்ததில்லை.

தோட்டத்தில் வெறுங்காலோடு நடந்தபோது கருவேல முள் ஏறியிருக்கிறது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி மங்கியிருந்ததால் அவருக்கே தெரியவில்லை. வியாழக்கிழமை இரவு குளிர் ஜுரம். அம்மா போன் பண்ணினார்கள். "பாராசிட்டமால் குடுங்கம்மா, மழைக்காலம்தானே" என்றேன் நான். வெள்ளிக்கிழமையும் அதே பதில். சனிக்கிழமை காலையில் அம்மா குரல் மாறியிருந்தது. "அப்பா என்னென்னமோ பேசறார்டா. என்னைப் பார்த்து அக்காங்கறார்."

ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது ரத்த அழுத்தம் 80க்கு 50. அவசர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டர் அம்மா ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "செப்சிஸ், தம்பி."

செப்சிஸ் என்றால் ரத்தத்தில் கிருமி என்று மட்டும் நினைத்திருந்தேன். அது முழு உண்மை இல்லை. கிருமித் தொற்றுக்கு எதிராக உடம்பு எடுக்கிற நடவடிக்கை கட்டுப்பாடு தவறிப்போய், உடம்பின் சொந்த உறுப்புகளையே சேதப்படுத்துவதுதான் செப்சிஸ். 2016இல் சர்வதேச நிபுணர் குழு தந்த வரையறை இதுதான். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் ஏறத்தாழ 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்தது, 1 கோடியே 10 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது ஒரு பெரிய ஆய்வின் மதிப்பீடு. அந்த வருடம் நடந்த சாவுகளில் ஐந்தில் ஒன்று. இவ்வளவு பெரிய விஷயத்தின் பெயரே எனக்குச் சரியாகத் தெரிந்திருக்கவில்லை.

நிலக்கரி இருக்கிறது, காற்றும் இருக்கிறது

இரண்டாம் நாள். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு 98 என்று காட்டுகிறது. மருந்து ஏற்றி ரத்த அழுத்தமும் தேறிவிட்டது. ஆனால் ரத்தத்தில் லாக்டேட் மட்டும் இறங்க மறுக்கிறது. சாதாரணமாக 2க்குள் இருக்க வேண்டியது, 5க்கு மேல் நிற்கிறது. நான் என் வேலைப் புத்தியோடு கேட்டேன்: "மேடம், ஆக்சிஜன் போகுது, பிரஷர் இருக்கு. அப்புறம் ஏன் மேடம்?"

டாக்டர் அம்மா திருப்பிக் கேட்டார்கள்: "நீங்க பவர் பிளான்ட்ல இருக்கீங்கன்னு உங்க அம்மா சொன்னாங்க. நிலக்கரியும் வருது, காற்றும் வருது, ஆனா யூனிட் லோடு எடுக்கலேன்னா எங்கே போய்ப் பார்ப்பீங்க?"

"மெஷினுக்குள்ளே" என்றேன்.

"இங்கேயும் அதேதான். லாக்டேட் ஏற வேற காரணமும் உண்டு. ஆனா மைட்டோகாண்ட்ரியாவும் அடிபட்டிருக்கும்."

அன்று இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்போடு விட்டுவிட்ட உயிரியலை மறுபடி படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஆச்சரியம். இது நம்ம சப்ஜெக்ட்!

சிவப்பணு போன்ற ஒன்றிரண்டைத் தவிர, நம் செல்கள் எல்லாவற்றிலும் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. சாப்பாட்டிலிருந்து வரும் எலக்ட்ரான்கள், அதன் உள் சவ்வில் வரிசையாக இருக்கும் புரதங்கள் வழியே படிப்படியாக இறங்கி, கடைசியில் ஆக்சிஜனைச் சேருகின்றன. இறங்கும்போது கிடைக்கும் சக்தியால் புரோட்டான்கள் சவ்வுக்கு வெளிப்பக்கம் பம்ப் செய்யப்படுகின்றன. மேட்டூர் அணையில் தண்ணீரைத் தேக்குவது போல. தேங்கிய புரோட்டான் திரும்பி உள்ளே பாயும்போது ஒரு சின்ன டர்பைன் சுற்றுகிறது. நான் உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே சுற்றுகிறது. ரோட்டார் உண்டு, ஸ்டேட்டார் உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்று ஏ.டி.பி. மூலக்கூறு. இந்தத் தேக்கத் தத்துவத்தை 1961இல் சொன்ன பீட்டர் மிட்செலுக்கு 1978இல் நோபல் பரிசு. டர்பைன் வேலை செய்யும் விதத்தை விளக்கிய பாயருக்கும் வாக்கருக்கும் 1997இல்.

தம்பிகளே, ஒரு கணக்குப் போடுங்கள். அந்தச் சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே சுமார் 150 மில்லிவோல்ட். பூ, இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் சவ்வின் தடிமன் 5 நானோமீட்டர் அளவுதான். வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட்! காற்று 30 லட்சம் வோல்ட்டில் பொறி பறந்து உடைந்துவிடும். அதைப் போலப் பத்து மடங்கு மின்புலத்தை ஒரு கொழுப்புப் படலம் இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது. இன்சுலேஷன் பாடம் எடுத்த நம் பேராசிரியர் இங்கே உட்கார்ந்திருக்கிறார். சார், இந்தக் கேள்வியை அடுத்த செமஸ்டரில் தாராளமாகக் கேட்கலாம்.

ஏ.டி.பி.யைச் சேமித்து வைக்கவும் முடியாது. கையிருப்பு கிராம் கணக்கில்தான். ஆனால் ஒரு நாளில் நாம் உண்டாக்கிச் செலவழிப்பது ஏறக்குறைய நம் உடல் எடைக்குச் சமம். கிரிட்டைப் போலத்தான், அப்போதைக்கப்போது உற்பத்தி, அப்போதைக்கப்போது செலவு. அதனால் உற்பத்தி தடுமாறினால் உடனே தெரியும். முதலில் மூளை, சிறுநீரகம், இதயம்.

லீக்கேஜ் கரண்ட்

எந்த மின்நிலையத்திலும் கொஞ்சம் லீக்கேஜ் இருக்கும். இங்கேயும் சில எலக்ட்ரான்கள் கடைசிப் படி வரை போகாமல், நடுவிலேயே ஆக்சிஜன் மேல் தாவிவிடும். அப்போது உண்டாவது சூப்பர் ஆக்சைடு என்ற பொல்லாத பொருள். அதை உடனுக்குடன் அடக்க மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே பாதுகாப்புச் சாதனங்கள் உண்டு.

நோய்த்தொற்று வந்து உடம்பெங்கும் அழற்சி ஏற்படும்போது இந்தக் கணக்கு தப்புகிறது. வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல வேண்டுமென்றே இதே பொல்லாத பொருள்களை வீசுகின்றன. நைட்ரிக் ஆக்சைடு வாயுவும் அளவுக்கு மீறி உண்டாகிறது. அது எலக்ட்ரான் வரிசையின் கடைசிப் படியில், ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சூப்பர் ஆக்சைடோடு சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற இன்னும் மோசமான ஒன்றாகவும் மாறுகிறது. வழி அடைபட்டால் லீக்கேஜ் கூடும், லீக்கேஜ் கூடினால் வழி மேலும் அடைபடும்.

லண்டனில் மெர்வின் சிங்கர் குழுவினர் செப்சிஸ் நோயாளிகளின் தொடைத் தசையில் சிறு துண்டு எடுத்துச் சோதித்து 2002இல் வெளியிட்டார்கள். பிழைக்காமல் போனவர்களின் தசையில் ஏ.டி.பி. குறைந்திருந்தது. அவர்களின் பாதுகாப்புச் சரக்கும் தீர்ந்து போயிருந்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. மைட்டோகாண்ட்ரியா நூறு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு பாக்டீரியாவாக இருந்து, இன்னொரு செல்லுக்குள் குடியேறியது. அதற்கென்று தனி டி.என்.ஏ. இன்னும் வைத்திருக்கிறது. அடிபட்ட செல்லிலிருந்து அது ரத்தத்தில் கொட்டினால், நம் காவல் படை அதைப் பாக்டீரியா என்றே நினைத்து இன்னும் கடுமையாகத் தாக்குகிறது. 2010இல் இதைக் காட்டினார்கள்.

இருட்டில் சுரப்பது

இனி மெலடோனின். 1958இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆரன் லெர்னர் என்ற தோல் மருத்துவர், வெண்புள்ளி நோய்க்கு மருந்து தேடி, மாடுகளின் பீனியல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்தார். தேடியது தோலுக்கு, கிடைத்தது தூக்கத்துக்கு. இருட்டானதும் சுரக்கும், வெளிச்சம் பட்டால், அதிலும் நீல வெளிச்சம் பட்டால், நின்றுவிடும்.

1993இல் ரஸ்ஸல் ரைட்டர் குழுவினர், மெலடோனின் பொல்லாத ஆக்சிஜன் பொருள்களை நேரடியாகவே அடக்கும் என்று சொன்னார்கள். அது கொழுப்பிலும் கரையும் என்பதால் சவ்வுகளைத் தாண்டி மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போய்விடும். அதோடு, உள்ளே இருக்கிற பாதுகாப்பு நொதிகளையும் ஊக்குவிக்கும். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹெலன் கேலி குழுவினர் 2013இல், செப்சிஸ் உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு மெலடோனின் கொடுத்தபோது மைட்டோகாண்ட்ரியாவின் வேலைத்திறன் காப்பாற்றப்பட்டதைக் கண்டார்கள். 2014இல் ஆரோக்கியமான மனிதர்களுக்கு 20 முதல் 100 மில்லிகிராம் வரை கொடுத்து, தாங்கிக்கொள்கிறார்கள் என்றும் காட்டினார்கள். அதற்கு முன்பே, இத்தாலியில் செப்சிஸ் கண்ட 20 பச்சிளங்குழந்தைகளில் 10 பேருக்குக் கொடுத்து 2001இல் வெளியிட்டிருந்தார்கள். கொடுக்காத பத்தில் மூன்று குழந்தைகள் இறந்தன. கொடுத்த பத்தும் பிழைத்தன.

வராந்தாவில் இதைப் படித்தபோது என் மனநிலையை நினைத்துப் பாருங்கள். உள்ளே அப்பா. கையில் போன். மணி இரண்டு. இதை ஏன் இவர்கள் கொடுக்கவில்லை?

புழுங்கலரிசியின் மகத்துவம்

சத்துகளைப் பற்றியும் படித்தேன். மைட்டோகாண்ட்ரியாவின் ஸ்பேர் பார்ட்ஸ் பட்டியல் என்றே சொல்லலாம். சூப்பர் ஆக்சைடை அடக்கும் நொதிக்கு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் மாங்கனீசு வேண்டும், வெளியே இருக்கும் அதன் தம்பிக்குத் தாமிரமும் துத்தநாகமும். அடுத்த கட்டத்துக்கு செலினியம். எலக்ட்ரான் வரிசைக்கு இரும்பு, தாமிரம். பி2, பி3 விட்டமின்கள் எலக்ட்ரானைச் சுமக்கும் கூலியாட்கள். ஏ.டி.பி. வேலை செய்ய மக்னீசியம் கூட இருக்க வேண்டும்.

பி1, அதாவது தயமின், மெயின் கேட் வாட்ச்மேன். அது இல்லாவிட்டால் மாவுச்சத்து மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சரியாக நுழைய முடியாமல் வெளியிலேயே லாக்டேட்டாகத் தேங்கும். பெரிபெரி நோய் அப்படி வருவதுதான். இதில் நம்மவர்கள் கதை ஒன்று உண்டு. 1900களின் தொடக்கத்தில் மலாயாவில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் விழுந்தார்கள். அதே ஊரில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அவ்வளவாக வரவில்லை. அங்கே பணியாற்றிய பிராடன் என்ற டாக்டர் இதைக் கவனித்து 1907இல் புத்தகமே எழுதினார். காரணம், தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. தீட்டினாலும் போகாது. ஹாஸ்டலில் புழுங்கலரிசிச் சோற்றை நாம் எவ்வளவு திட்டியிருப்போம்!

டாக்டர் அம்மாவின் பதில்

மறுநாள் காலையில் ஒரு பை நிறைய மாத்திரை டப்பாக்களும் பிரின்ட் எடுத்த காகிதங்களுமாக டாக்டர் அம்மா முன்னால் போய் நின்றேன். அவர்கள் கோபப்படவில்லை. பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசினார்கள்.

"தம்பி, நீங்க படிச்சது பொய் இல்லை. ஆனா பாதிதான் படிச்சிருக்கீங்க. பெரிய அளவுல மனுஷங்களுக்குக் கொடுத்துப் பார்த்தப்போ என்ன ஆச்சுன்னும் படிங்க."

படித்தேன். 2013இல் வெளிவந்த ஆய்வு. அவசர சிகிச்சையில் இருந்த 1,223 நோயாளிகள். செலினியம் உள்ளிட்ட ஆன்டி ஆக்ஸிடன்ட் கலவையால் பலன் இல்லை. கூடவே சோதித்த குளுட்டமினால் சாவு கூடியது. 2016இல் ஜெர்மனியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செப்சிஸ் நோயாளிகளுக்கு செலினியம் ஊசி. உயிர் காப்பதில் பலன் இல்லை. 2022இல் வெளியான ஆய்வில் செப்சிஸ் நோயாளிகளுக்கு விட்டமின் சி பெரிய டோஸில் கொடுத்தார்கள். 28 நாளில் இறந்தோர், உறுப்புச் செயலிழப்பு நீடித்தோர் இருவரையும் சேர்த்தால், கொடுத்தவர்களில் 44.5 சதவீதம், கொடுக்காதவர்களில் 38.5 சதவீதம். அதாவது நல்லது செய்யும் என்று கொடுத்த மருந்துக் குழுவில்தான் நிலைமை மோசம். அதே 2022இல் ஆஸ்திரேலியாவில் 850 பேருக்கு அவசர சிகிச்சைப் பிரிவில் மெலடோனினை மனக்குழப்பம் வராமல் தடுக்கக் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த நோக்கத்தில் பலன் கிடைக்கவில்லை. செப்சிஸில் மைட்டோகாண்ட்ரியாவைக் காத்து உயிர் பிழைக்க வைக்கிறது என்று உறுதி சொல்லும் பெரிய மனித ஆய்வு மெலடோனினுக்கு இன்னும் இல்லை. எலிக்கு நாம் நோய் கொடுத்த நேரம் தெரியும், அதற்கேற்ப மருந்தும் கொடுத்துவிடலாம். என் அப்பா வந்து சேர்ந்தது ஒன்றரை நாள் கழித்து.

ஏன் இப்படி ஆகிறது? பொல்லாத ஆக்சிஜன் பொருள் பொல்லாததாகவே எப்போதும் இருப்பதில்லை. கிருமியைக் கொல்லும் ஆயுதமும் அதுதான், செல்லுக்குள் தகவல் சொல்லும் தூதனும் அதுதான். எல்லாவற்றையும் மொத்தமாக அணைத்துவிட்டால் உடம்புக்குக் கண்ணும் இல்லை, கையும் இல்லை.

சிங்கர் இன்னொன்றும் சொல்கிறார். செப்சிஸில் மைட்டோகாண்ட்ரியா உற்பத்தியைக் குறைப்பது பழுதாகவே இருக்க வேண்டியதில்லை, தற்காப்பாகவும் இருக்கலாம். இது எனக்குச் சட்டென்று புரிந்தது. கிரிட்டில் பிரீக்வென்சி சரியும்போது ரிலே தானாகவே சில ஊர்களின் லோடைக் கழற்றிவிடும். அந்த ஊர்க்காரர் "கரண்ட் போச்சு" என்பார். ஆனால் அது நடக்காவிட்டால் மாநிலமே இருட்டாகும். ரிலே ட்ரிப் ஆனதைப் பார்த்து, காரணம் பார்க்காமல் பிரேக்கரை மறுபடி போடுகிறவனை நாம் என்ன சொல்வோம்? நான் மாத்திரைப் பையோடு நின்றது அப்படித்தான்.

"உங்க அப்பாவைக் காப்பாத்தப் போறது மூணு விஷயம்" என்றார்கள். "சரியான ஆன்டிபயாடிக், திரவமும் பிரஷர் மருந்தும், அந்தக் காலைச் சுத்தம் பண்றது. தயமின் குறைஞ்சிருக்கும்னு தோணினா நாங்களே கொடுப்போம். குறையை நிரப்புறது வேற, நிரம்பினதுக்கு மேல கொட்டுறது வேற."

பத்தொன்பது நாள். இடது காலில் இரண்டு விரல் போயிற்று. அப்பா பிழைத்தார். ஆறு மாதம் வரை மாடிப்படி ஏற முடியவில்லை. கால் தசையில் மின்நிலையம் திரும்ப லோடு எடுக்க அவ்வளவு நாள் ஆனது என்று நான் நினைத்துக்கொள்வேன். டாக்டர் அம்மா கடைசி நாளில் ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "வியாழக்கிழமை ராத்திரியே ஏன் கூட்டிட்டு வரலை?" எனக்குப் பதில் இல்லை. செப்சிஸ் ஷாக் என்றால் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் போக வேண்டும் என்கிறது 2021இன் சர்வதேச வழிகாட்டுதல். நான் அம்மாவிடம் "மழைக்காலம்தானே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எடுத்துப் போக வேண்டியது

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டில் வயதானவருக்கு, சர்க்கரைக்காரருக்கு, காய்ச்சலோடு நடுக்கம், பேச்சில் குழப்பம், வேகமான மூச்சு, சிறுநீர் குறைவு, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். வாசலில் செருப்பு வையுங்கள். வாரம் ஒரு முறை உள்ளங்காலைப் பாருங்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று. இரவு இரண்டு மணி வரை போன் பார்த்துவிட்டு, தூக்கம் வரவில்லை என்று மெலடோனின் வாங்கிப் போடுகிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். 2023இல் அமெரிக்காவில் 25 வகை மெலடோனின் கம்மி மிட்டாய்களைச் சோதித்தார்கள். 22இல் லேபிளில் போட்ட அளவு சரியில்லை. ஒன்றில் மெலடோனினே இல்லை. விளக்கை அணைத்தால் உங்கள் தலைக்குள்ளேயே சரியான டோஸில், காசில்லாமல் சுரக்கும். நானும் நைட் ஷிப்ட் பார்க்கிறவன்தான். முடிந்து வந்தால் ஜன்னலில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு படுக்கிறேன்.

நாளைக்கு மெலடோனினுக்கு நல்ல ஆய்வு வரலாம். எந்த நோயாளிக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்று தெரிய வரலாம். வரட்டும், சந்தோஷம். அதுவரை அதன் இடம் ஆய்வுக்கூடத்திலும் டாக்டரின் கையிலும்.

அப்பாவுக்கு இப்போதும் மாதம் ஒரு முறை ஊருக்குப் போகிறேன். மாத்திரை டப்பா வாங்கிப் போவதில்லை. போனதும் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, காலை என் மடியில் எடுத்து வைத்து, விரல் இடுக்கெல்லாம் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். "என்னடா இது, பெரியவன் நீ, என் காலைப் பிடிச்சுக்கிட்டு" என்பார். "இன்ஸ்பெக்ஷன்பா" என்பேன். பிரிவென்டிவ் மெயின்டனன்ஸ் என்று இந்தக் கல்லூரியில்தான் முதலில் படித்தேன். பரீட்சையில் நல்ல மார்க்கும் வாங்கினேன். வீட்டில் செய்ய அத்தனை வருடம் ஆயிற்று.

அமைப்பாளர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார்.